ஐநா பொதுச் செயலாளர் வெறும் கிராணிதானா?

வாசகர் ஒருவரின் பதிவு, 10 செப்டம்பர் 2016

"ஐநாவுக்குப் புதிய பொதுச் செயலாளரைத் தேட நேற்று நான்காவது சுற்று வாக்கெடுப்பாம். யார் வந்தால் என்ன? அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் என்று உலகம் ஐந்து துரைமார் நடத்தும் தோட்டம். அவர்கள் சொல்வதைப் பேரேட்டில் எழுதிவைக்கும் வெறும் கிராணிதான் பொதுச் செயலாளர். எழுபது ஆண்டுகளாக இதுதான் கதை. மறுப்பவர்கள் மறுக்கலாம்."

10 செப்டம்பர் 2016, இரவு

மறுக்கிறேன். கிராணி என்றதில் எனக்கு வருத்தமில்லை. அந்த 'வெறும்' தான் உறுத்துகிறது.

மலேசியாவில் லாபிஸ் வட்டாரத்துத் தோட்டமொன்றில் 34 ஆண்டுகள் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்தவன் நான். கித்தா என்ற ரப்பர் மரம் நின்ற காலத்திலும் இருந்தேன், அதை வெட்டி எண்ணெய்க்கான செம்பனை நட்ட காலத்திலும் இருந்தேன். இருட்டோடு எழுந்து ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட வேண்டும். மதியம் ஸ்டோரில் மரத்துப் பாலை எடை நிறுத்து, மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டு, பாலில் கித்தா எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கோடு ஒரு மயிரிழை இறங்கினால் வெட்டுமரக்காரியின் முகம் வாடும், ஒரு மயிரிழை ஏறினால் துரையின் முகம் சிவக்கும். ராத்திரி செக்ரோல், ஆள்வரவும் சம்பளமும் எழுதும் பேரேடு. கையெழுத்துப் போடுகிறவர் துரை. எந்தக் காகிதம் எந்த நேரத்தில் அவர் மேசையில் ஏற வேண்டும் என்று தீர்மானிப்பவர் கிராணி. இதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

ஐநா சாசனம் 1945 அக்டோபர் 24 அன்று சான் பிரான்சிஸ்கோவில் 51 நாடுகளால் கையெழுத்திடப்பட்டது. அதன் 97ஆம் பிரிவு, பொதுச் செயலாளரை அமைப்பின் தலைமை நிர்வாக அலுவலர் என்கிறது. தோட்டத்துப் பேச்சில் சொன்னால் பெரிய கிராணி. அதுவரை நீங்கள் சொன்னது சரி. இரண்டு பிரிவு தள்ளி 99ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். உலக அமைதிக்கு ஆபத்து என்று தனக்குத் தோன்றும் எந்த விஷயத்தையும் பொதுச் செயலாளர் தாமாகவே பாதுகாப்பு மன்றத்தின் முன் வைக்கலாம். யாரும் கூப்பிடாமலேயே துரையின் கதவைத் தட்டும் உரிமை. எந்தத் தோட்டத்துக் கிராணிக்கும் அதை எழுத்தில் கொடுத்ததில்லை.

எழுத்தில் கொடுக்காமலே ஒருமுறை நான் தட்டியிருக்கிறேன். அது வேறு கதை.

11 செப்டம்பர் 2016

நேற்று எழுதியதில் பிழை. சாசனம் கையெழுத்தானது ஜூன் 26. போதிய நாடுகள் ஒப்புதல் அளித்து அது நடைமுறைக்கு வந்த நாள்தான் அக்டோபர் 24. சான் பிரான்சிஸ்கோவில் கையெழுத்திட்டவையும் 50 நாடுகளே. போலந்து பிறகு கையெழுத்திட்டு 51ஆவது ஆனது. தேதி தவறி எழுதியதற்கு வேலையில் இருந்தபோதே திட்டு வாங்கியவன். பழக்கம் போகவில்லை.

12 செப்டம்பர் 2016

ஐந்து துரை என்ற உவமையை யோசித்துக்கொண்டே இருந்தேன். தோட்டத்தில் ஒரு துரைதான் இருப்பார். ஐந்து பேர் இருந்து, அவர்களில் எவர் வேண்டாம் என்றாலும் வேலை நிற்கும் என்றால் மரத்தில் உளி படாது. ஐநாவில் பல நாள் அப்படித்தான் விடிகிறது.

கிராணியை நியமிப்பதிலும் அதே கூத்து. பாதுகாப்பு மன்றம் ஒரு பெயரைப் பரிந்துரைக்க வேண்டும், பொதுச் சபை நியமிக்க வேண்டும். பரிந்துரையில் மன்றத்தின் நிரந்தர உறுப்பினர் ஐவருக்கும் வீட்டோ உண்டு, ஒருவர் மறுத்தாலே தடுத்துவிடும் உரிமை. 1981இல் ஆஸ்திரியாவின் குர்ட் வால்ட்ஹைம் மூன்றாம் முறை கேட்டு நின்றார். சீனா 16 முறை மறுத்தது. எதிரே நின்ற தன்சானியாவின் சலீம் அகமது சலீமை அமெரிக்கா விடவில்லை. இருவரும் ஒதுங்கிக்கொள்ள, பெருவின் ஹவியேர் பெரெஸ் டி குவேயார் வந்து சேர்ந்தார். எங்கள் தோட்டத்துக் கோயில் தலைவர் தேர்தலும் ஓராண்டு இப்படியே போனது. மேல் லயம், கீழ் லயம் என்ற இரு வரிசை வீட்டாரும் கட்டிப் புரண்டு சண்டையிட்டு, கடைசியில் இரு பக்கமும் பகையில்லாத வண்டிக்காரர் ஒருவர் தலைவரானார். பத்தாண்டு நன்றாகவே நடத்தினார். குவேயாரும் அப்படித்தான். ஈரான் ஈராக் போர் 1988இல் நின்றதில் அவருக்குப் பங்குண்டு.

1996இல் இன்னும் பச்சையாக நடந்தது. எகிப்தின் பூத்ரோஸ் காலி இரண்டாம் தவணை கேட்டார். 15 பேரில் 14 பேர் சரி என்றார்கள். அமெரிக்கா ஒன்று இல்லை என்றது. முடிந்தது.

ஆகவே உங்கள் உவமையில் பாதியை ஏற்கிறேன். பாதியைத்தான்.

17 செப்டம்பர் 2016

நேற்று மலேசியா தின விடுமுறை. கடையில் தே தாரிக் குடிக்கும் இளைஞர்களிடம், இந்த நாள் ஏன் செப்டம்பர் 16 என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. மலாயாவோடு சபா, சரவாக், சிங்கப்பூர் சேர்ந்து மலேசியா உருவாக முதலில் குறித்த நாள் 1963 ஆகஸ்ட் 31. இந்தோனேசியாவும் பிலிப்பைன்சும் எதிர்க்கவே, சபா, சரவாக் மக்களுக்கு விருப்பம்தானா என்று பார்த்துச் சொல்ல அன்றைய பொதுச் செயலாளர் ஊ தாண்ட் ஒரு குழுவை அனுப்பினார். மைக்கேல்மோர் தலைமையிலான குழு. அது முடியும்வரை நாள் தள்ளிப்போயிற்று. நம் நாட்டின் பிறந்த தேதியிலேயே ஒரு கிராணியின் மை இருக்கிறது.

இன்று செப்டம்பர் 17. 1957இல் மலாயா ஐநாவில் சேர்ந்த நாள். இதே தேதிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அதற்குத்தான் இன்று உட்கார்ந்தேன்.

1964 செப்டம்பர் 2, எனக்குப் பத்து வயது. இரவில் விமானச் சத்தம் கேட்டது. லயத்து நாய்கள் எல்லாம் ஒரே திசையில் குரைத்தன. அப்பா விளக்கைக் குறைத்துவிட்டு வாசலில் நின்றார். மறுநாள்தான் தெரிந்தது, இந்தோனேசியப் பாராசூட் படையினர் ஏறத்தாழ நூறு பேர் லாபிஸைச் சுற்றிச் சிதறி இறங்கியிருந்தார்கள். நாடு முழுவதும் அவசரநிலை அறிவித்தார்கள். கூர்க்காக்கள் வந்தார்கள், நியூசிலாந்துக்காரர்கள் வந்தார்கள். இருட்டில் காட்டுக்குள் போகக் கூடாது என்று உத்தரவு. வெயில் ஏறிய பிறகு வெட்டினால் மரம் பால் தருமா? பால் வடியும் மங்கில் அடி நனைந்ததோடு சரி. அந்த மாதச் சம்பளத்தில் எங்கள் வீட்டில் அரிசிக்கே இழுபறி. மரவள்ளிக்கிழங்கில் ஓட்டினோம்.

எங்கள் தலைமேல் விழுந்த இந்த விவகாரம் நியூயார்க்குக்குப் போனது. நம் உள்துறை அமைச்சர் டாக்டர் இஸ்மாயில் பிடிபட்ட ஆயுதங்களைக் கொண்டுபோய்ப் பாதுகாப்பு மன்றத்திலேயே காட்டினார். நார்வே ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. அப்போது மன்றத்தில் 11 பேர்தான். செப்டம்பர் 17 அன்று வாக்கெடுப்பு: ஆதரவு 9, எதிர்ப்பு 2. எதிர்த்த இருவரில் ஒருவர் சோவியத் யூனியன். வீட்டோ. நாம் உறுப்பினராகி அன்றோடு சரியாக ஏழு ஆண்டு.

என் சித்திக்குக் காட்டோரத்தில் ஒரு பாராசூட் கயிறு கிடைத்தது. போலீசில் கொடுக்க வேண்டும் என்று மேற்பார்வை பார்க்கும் தண்டல் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார். சித்தி தலையாட்டிவிட்டு அதில் பசுவைக் கட்டினார். இரண்டு பசு மாறியும் அறவில்லை. பாதுகாப்பு மன்றத்துக்குப் போகாத சாட்சியம் அது ஒன்றுதான்.

18 செப்டம்பர் 2016, காலை

நேற்றைய குறிப்பைப் படித்த ஒருவர், "அப்படியானால் ஐநா நமக்கு ஒன்றும் செய்யவில்லை என்றுதானே நீங்களே சொல்கிறீர்கள்" என்று மடக்கியிருக்கிறார். நியாயம்தான். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1965இல் மலேசியாவுக்கே மன்றத்தில் இடம் கிடைத்தது. கோபித்துக்கொண்டு இந்தோனேசியா ஐநாவிலிருந்தே விலகியது. 1966 செப்டம்பரில் திரும்பி வந்து உட்கார்ந்தது. 1965 மே மாதம் பாதுகாப்பு மன்றத் தலைவர் நாற்காலியில் இருந்தவர் நம் தூதர் ஆர். ரமணி. கோலாலம்பூர் வழக்கறிஞர். லாபிஸ் விவகாரம் அடிபட்ட அதே மேசை. இதைச் சொன்னால் கடையில் எவரும் நம்புவதில்லை.

18 செப்டம்பர் 2016, இரவு

இன்று இன்னொரு நினைவு நாள். 1961இல் இதே நாள் பின்னிரவில் வட ரொடீசியாவின் என்டோலா அருகே விமானம் விழுந்து அன்றைய பொதுச் செயலாளர் டாக் ஹாமர்ஷோல்ட் இறந்தார். இன்றைய ஜாம்பியா. காங்கோவிலிருந்து பிரிந்து நின்ற கட்டங்காவின் தலைவர் சோம்பேயோடு போர்நிறுத்தம் பேசப் போன வழி. விமானத்தில் இருந்தவர்கள் 16 பேர். விபத்தா, சுட்டு வீழ்த்தினார்களா என்று இன்னமும் விசாரிக்கிறார்கள். அந்த ஆண்டின் நோபல் அமைதிப் பரிசை இறந்த பிறகு அவருக்குக் கொடுத்தார்கள்.

வெறும் கிராணி என்றவர் இவரைப் பற்றிப் படிக்க வேண்டும். 1960 ஜூலையில் 99ஆம் பிரிவைச் சொல்லிக் காங்கோ விவகாரத்தை மன்றத்துக்குக் கொண்டுபோனவர் இவர். சோவியத் தலைவர் குருஷேவுக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் வேண்டாம், மேற்கு, சோவியத், அணிசேரா என்ற மூன்று அணிக்கும் ஒருவராக மூவர் குழு வேண்டும் என்றார். ஒரு செக்ரோலுக்கு மூன்று கிராணி! ஒவ்வொருவரிடமும் ஓர் அழிப்பான்! ஹாமர்ஷோல்ட் பதவி விலக மறுத்துவிட்டார்.

மலாயா அந்தக் காங்கோவுக்குத் தன் படையை அனுப்பியது. எங்கள் ஊரிலிருந்து போனவர் ஒருவர் இருக்கிறார். ஊருக்கே அவர் 'காங்கோ அண்ணன்'. தகவல் தொடர்புப் பிரிவில் இருந்தார். கண்ணாடி அலமாரியில் நீலத் தொப்பி வைத்திருக்கிறார், பேரப்பிள்ளைகள் தொட்டால் கத்துவார். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். "அண்ணே, அன்றைக்குச் செய்தி எப்படி வந்தது?" என்றேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கம்பியில் வந்த பெயரை எழுத எனக்கு வரவில்லை, தம்பி. 'பெரிய செயலாளர் விமானம் வந்து சேரவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். அதிகாரி இன்னொரு முறை எழுது என்றார். எழுதினேன். இன்னொரு முறை என்றார்."

அதற்கு மேல் கேட்கவில்லை. அண்ணி பசியாறிவிட்டுப் போகச் சொன்னார். தோசை சாப்பிட்டு வந்தேன்.

22 செப்டம்பர் 2016

ஊ தாண்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பெயர் தாண்ட் மட்டும்தான். 'ஊ' என்பது பர்மியர்கள் பெரியவர்களுக்கு முன்னே வைக்கும் மரியாதை. பந்தனாவ் என்ற சிற்றூரின் பள்ளித் தலைமையாசிரியர். ஆசியாவிலிருந்து வந்த முதல் பொதுச் செயலாளர்.

1961 நவம்பரில் அவரை நியமித்தது தற்காலிகமாகத்தான். எங்கள் மொழியில் ஆக்டிங் கிராணி. நானும் இரண்டு ஆண்டு ஆக்டிங் பார்த்தவன். வேலை முழுவதும், படி பாதி, திட்டு இரட்டிப்பு. அவர் நிரந்தரமானது 1962 நவம்பர் 30 அன்று. நடுவில் என்ன நடந்தது என்று பாருங்கள். அந்த அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணை வைத்த விவகாரம். இரண்டு பெரிய துரைகள் அணுகுண்டோடு முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அக்டோபர் 24 அன்று கென்னடிக்கும் குருஷேவுக்கும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரிக் கடிதம் அனுப்பினார் ஆக்டிங் கிராணி. இரண்டு மூன்று வாரம் ஆயுதக் கப்பலையும் நிறுத்துங்கள், கடல் மறிப்பையும் நிறுத்துங்கள், அதற்குள் பேசுங்கள். யாரும் யாருக்கும் தோற்காமல் பின்வாங்க ஒரு கதவு. பின்வாங்கினார்கள். அவர் ஹவானாவுக்கும் போய்வந்தார்.

அதே ஆண்டு மே மாதம்தான் ரங்கூனில் பஸ்ஸிலிருந்து விழுந்து அவர் மகன் இறந்திருந்தார். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

குறையும் உண்டு. 1967இல் எகிப்து கேட்டதும் சினாயிலிருந்து அமைதிப்படையைத் திரும்ப அழைத்தார், அடுத்த சில வாரங்களில் போர் மூண்டது. அதற்காக அவரை இன்றுவரை திட்டுகிறார்கள். வீட்டுக்காரன் வெளியே போ என்றால் விருந்தாளி என்ன செய்வான் என்பது என் கட்சி. காங்கோ அண்ணன் இதை ஏற்கவில்லை. "நாலு நாள் தாமதித்திருக்கலாம், கடிதம் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம்" என்கிறார். அண்ணனுக்குள்ளும் ஒரு கிராணி இருந்திருக்கிறார்!

1974இல் இறந்த பிறகு உடல் ரங்கூனுக்கு வந்தது. ராணுவ அரசு மரியாதை செய்ய மறுத்தது. மாணவர்கள் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்கள். ஓய்வு பெற்ற கிராணியின் பிணத்துக்கு ஓர் அரசு பயந்தது.

27 செப்டம்பர் 2016

நேற்று ஐந்தாம் சுற்று. போர்ச்சுகலின் அந்தோனியோ குத்தேரஸுக்கு மறுபடியும் 12 ஆதரவு, 2 எதிர்ப்பு. தொடக்கத்திலிருந்து அவரே முன்னால்.

2006இல் நாங்கள் எல்லாம் சசி தரூர் வருவார் என்று கடையில் பந்தயம் கட்டினோம். நான் பத்து வெள்ளி (ரிங்கிட்) இழந்தேன். வாக்கில் இரண்டாம் இடம், ஆனால் நிரந்தர உறுப்பினர் ஒருவரின் எதிர்ப்பு இருந்தது. தென்கொரியாவின் பான் கி மூன் வந்தார். நம் முகம், நம் நிறம் என்று பந்தயம் கட்டியது அசட்டுத்தனம். இருந்தாலும் அந்தப் பத்து வெள்ளி இன்னும் வலிக்கிறது.

வால்ட்ஹைமைச் சும்மா விட்டுவிட்டேன் என்று ஒரு நண்பர் குறைப்பட்டார். சொல்கிறேன். போரின்போது பால்கனில் ஜெர்மன் ராணுவத்தில் இருந்ததை மறைத்தே பத்து ஆண்டு பதவியில் இருந்தார். வெளிவந்தது 1986இல், சொந்த நாட்டில் அதிபர் தேர்தலுக்கு நின்றபோது. சேவைப் புத்தகத்தில் சில ஆண்டுகளைக் காணோம் என்றால் எங்கள் தலைமை அலுவலகம் மூன்று கடிதம் போட்டுக் கேட்கும். உலகத்தின் பெரிய கிராணியை எவரும் கேட்கவில்லை. இதில் வேடிக்கை, 1977இல் விண்ணுக்குப் போன வாயேஜர் விண்கலங்களின் தங்கத்தட்டில் மனிதகுலத்தின் சார்பில் வணக்கம் சொல்வதும் அவர் குரல்தான்.

6 அக்டோபர் 2016

முடிந்தது. இந்தத் தேர்வில் நேற்றுதான் முதல் முறையாக நிறச் சீட்டு, வீட்டோ தெரிய ஐவருக்குத் தனி நிறம். குத்தேரஸுக்கு 13 ஆதரவு, 2 கருத்தில்லை, எதிர்ப்பு ஒன்றுமில்லை. ரஷ்யத் தூதர் சுர்கின் 14 பேரையும் பின்னால் நிறுத்திக்கொண்டு பத்திரிகையாளரிடம் சொன்னார். சிரியாவில் அடித்துக்கொள்கிறவர்கள் கிராணி விஷயத்தில் ஒரே வரிசையில் நின்றதைப் பார்க்க விசித்திரமாக இருந்தது.

போட்டியிட்ட 13 பேரில் 7 பேர் பெண்கள். செய்தியைப் படித்துச் சொன்ன என் பேத்தி, "இதுவரை எத்தனை பெண்கள் இருந்திருக்கிறார்கள், தாத்தா?" என்றாள். விரல் விட்டு எண்ணுவதுபோல் பாவனை செய்தேன். எண்ண ஒன்றுமில்லை.

குத்தேரஸ் பத்தாண்டு ஐநா அகதிகள் அமைப்பின் தலைவராக இருந்தவர். அதனால் இங்கே சந்தையில் மீன் வெட்டும் ரோஹிங்கியா இளைஞரிடம் சொன்னேன். அவர் செதில் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த அகதி அட்டையை எடுத்துக் காட்டினார். ஓரமெல்லாம் நைந்திருந்தது. "இதைப் புதுப்பிக்க அவரிடம் சொல்ல முடியுமா?" என்று மலாயில் கேட்டார். மலேசியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அந்த அட்டையால் அவருக்கு வேலை செய்ய உரிமை கிடைக்காது. போலீஸ் நிறுத்தினால் நீட்டுவதற்கு அது ஒன்று. எங்கள் ஊரில் ஐநா என்றால் அந்த அட்டைதான், நியூயார்க் கட்டடம் இல்லை.

14 அக்டோபர் 2016

நேற்று பொதுச் சபை முறைப்படி நியமித்துவிட்டது. அதே நாளில் தாய்லாந்து மன்னர் காலமானதால் கடையில் ஒருவரும் இதைப் பேசவில்லை.

25 அக்டோபர் 2016

வாசகர் நான்கு பேர் அந்த 'வேறு கதை'யைக் கேட்டிருக்கிறீர்கள். தீபாவளி நெருங்குகிறது, முறுக்கு மாவு பிசையச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது. பிறகு.

19 ஆகஸ்ட் 2018

நேற்று முன்னாள் பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் இறந்துவிட்டார். இந்த இழையைத் தேடிப் பிடித்து எழுதுகிறேன்.

எங்கள் கடையில் அவர் பெயர் 'கோப்பி அண்ணன்'. கடை முதலாளி தவுக்கேகூட அப்படித்தான் சொல்வார். அன்னானின் கானா நாட்டு வழக்கப்படி கோஃபி என்ற பெயருக்கு வெள்ளிக்கிழமை பிறந்தவன் என்று பொருள். 1996 டிசம்பரில் அவரைத் தேர்ந்தெடுத்தபோது பொதுச் சபைத் தலைவர் நாற்காலியில் இருந்தவர் நம் ரசாலி இஸ்மாயில். பாதுகாப்பு மன்றத்தை விரிவாக்க அடுத்த ஆண்டு ரசாலி வைத்த திட்டம் இன்னும் கோப்பில் தூங்குகிறது.

ஐநா ஊழியராக அடிமட்டத்திலிருந்து ஏறி உச்சிக்கு வந்த முதல் ஆள் அன்னான். கிராணி வேலையின் அருமை தெரிந்தவர். அதனாலேயே அவர்மேல் எனக்கொரு கோபமும் உண்டு. 1994 ஜனவரியில் ருவாண்டாவிலிருந்த அமைதிப்படைத் தளபதி டலேர், ஆயுதக் கிடங்கு இருக்கிறது, சோதனை போடப் போகிறேன் என்று தந்தி அனுப்பினார். நியூயார்க்கில் அமைதிப்படைப் பிரிவுக்குத் தலைவர் அன்னான். வேண்டாம், உனக்கு அந்த அதிகாரமில்லை என்று பதில் போனது. ஏப்ரலில் கொலைகள் தொடங்கின. நூறு நாளில் ஏறத்தாழ 8,00,000 பேர். விதியைப் புரட்டிப் பார்த்துப் பதில் எழுதியிருக்கிறார்கள். விதிப்படி சரியான பதில். நானும் அப்படிப் பதில்கள் எழுதியிருக்கிறேன். எத்தனை என்று நினைவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஈராக் போர் சட்டவிரோதம் என்று 2004இல் சொன்னவரும் அவரே. நன்று. போர் தொடங்கி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

6 ஏப்ரல் 2020

நடமாட்டக் கட்டுப்பாடு, கடை மூடிக் கிடக்கிறது. பெரெஸ் டி குவேயார் போன மாதம் நூறு வயதில் இறந்த செய்தியை இப்போதுதான் படித்தேன். காங்கோ அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார், பிப்ரவரியில், கட்டுப்பாட்டுக்கு முன்பே. நல்ல கூட்டம் வந்தது. தொப்பியை மூத்த பேரன் எடுத்துக்கொண்டான்.

10 டிசம்பர் 2023

ஏழு ஆண்டுகளுக்கு முன் கேள்வி கேட்ட அன்பர் மறுபடி வந்திருக்கிறார். "பார்த்தீர்களா, 99ஆம் பிரிவு! கதவைத் தட்டினார். என்ன ஆயிற்று?"

பார்த்தேன். டிசம்பர் 6 அன்று காசாவுக்காகக் குத்தேரஸ் அந்தப் பிரிவைச் சொல்லி மன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அவர் பதவிக்கு வந்த ஏழு ஆண்டில் இதுவே முதல் முறை. 8ஆம் தேதி போர்நிறுத்தத் தீர்மானம் வந்தது: 13 ஆதரவு, பிரிட்டன் வாக்களிக்கவில்லை, அமெரிக்கா வீட்டோ. 1964இல் எங்களுக்கு மறுத்தவர் ஒருவர், இப்போது காசாவுக்கு மறுத்தவர் இன்னொருவர்.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் தயாராக இல்லை. கடன்பட்ட கதை ஒன்றிருக்கிறது. நாளை நாளை என்று தள்ளினேன், இப்போது வயது 69.

24 டிசம்பர் 2023

1987. அப்போது நான் பெரிய கிராணி. களைக்கொல்லி அடிக்கும் வேலைக்குப் பெண்கள்தான் போவார்கள். பாராகுவாட். முதுகில் பம்பு, காலில் ரப்பர் செருப்பு, முகத்தில் பழைய துண்டு. கையுறை கிடையாது. சம்பள நாளில் மேசைக்கு எதிரே வரிசையாக வந்து ரேகை வைப்பார்கள். ஒரு மாதம், மைப்பெட்டியில் கட்டைவிரலை வைத்த ஒரு பெண்ணின் விரலில் நகமே இல்லை. அடுத்தவளுக்குப் பாதி நகம் கறுத்துத் தொங்கியது. நான் ரேகையைப் பார்ப்பவன், அதுவரை விரலைப் பார்த்ததில்லை. மூக்கில் ரத்தம் வருவதைப் பற்றியும் அன்றுதான் சொன்னார்கள், அதுவும் வெட்கப்பட்டுக்கொண்டு.

துரையிடம் சொன்னேன். பார்க்கலாம் என்றார். இரண்டு முறை பார்க்கலாம் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தைத் திறந்து, தட்டச்சில் ஒன்றரைப் பக்கம் அடித்து, துரையைத் தாண்டித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். பெண்களின் பெயர், வயது, எத்தனை நாள் அடித்தார்கள், எந்த விரல், எல்லாம் செக்ரோல் போல வரிசையாக. கார்பன் நகலை வீட்டில் அரிசிப் பானைக்கு அடியில் வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து என் கடிதமே திரும்பி வந்தது, துரையின் பெயருக்கு. மேல் ஓரத்தில் பென்சிலில் 'கவனிக்கவும்' என்று எழுதியிருந்தது. துரை கத்தவில்லை. படித்து முடித்து, என்னிடமே நீட்டி, "கோப்பில் சேர்த்துவிடு" என்றார். சேர்த்தேன். எண் போட்டு, தேதி போட்டு, துளையிட்டு நானே சேர்த்தேன். அதன்பின் ஐந்தாண்டு எனக்குச் சம்பள உயர்வு வரவில்லை.

முந்தாநாள் நியூயார்க்கில் இன்னொரு தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. போர்நிறுத்தம் என்ற சொல் இல்லை, உதவிப் பொருட்கள் போக வழி செய்ய வேண்டும் என்கிறது. 13 ஆதரவு. அதைப் படித்தபோதுதான் அந்தக் கையுறைகள் நினைவுக்கு வந்தன.

ஆம், வந்தன. கடிதம் திரும்பிய அடுத்த மாதம் லாரியில் ஒரு பெட்டி இறங்கியது. நாற்பது ஜோடி. கணக்கில் ஏற்ற நான்தான் பிரித்து எண்ணினேன். எல்லாம் ஆண்கள் அளவு. மணிக்கட்டில் கித்தா வளையம் மாட்டி, அதையே போட்டுக்கொண்டு போனார்கள்.